அன்போடு நீட்டிய இளநீர்

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. ஓர் அறக்கட்டளையின் உதவியால்தான் மலைமேலிருக்கும் எங்கள் வாழவந்தியிலிருந்து சேலத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அந்த அறக்கட்டளையிலிருந்து ஒருநாள் இருவர் இளநீரோடு அவரைப் பார்க்க வந்தார்கள்.

"குடிங்கண்ணா, உடம்புக்கு நொம்ப நல்லதுங்க."

இளநீர் அவருக்கு ஆகாதென்று எங்கள் இருவருக்கும் தெரியும். உயிர் கொடுக்கிறவர்களிடம் எப்படி மறுப்பது? அவர் குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் கை கால் மரத்துச் சரிந்தார். ஆம்புலன்ஸ் மலையிறங்க, வளைவுக்கு வளைவு அவர் மார்பில் கைவைத்துத் துடிப்பைப் பார்த்தேன்.

"வேண்டாம்னா அவங்க மனசு நோகுமில்ல கண்ணு" என்று முனகினார்.

"கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு இளநீர்ல இருக்கிற பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திருமுங்க" என்றார் டாக்டர். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், "வாங்க" என்பதற்கு முன்பே, "அவருக்கு இளநீர் ஆகாதுங்க" என்றுவிடுகிறேன். ஆனால் அவர் கண்ணயர்ந்தால், என் கை இன்னமும் அவர் மார்பைத் தேடிப் போகிறது.