சலவைக்கூடத்தில் கைப்பேச்சு

தெங் மாவ்லினுக்குக் காது மந்தமாகி நான்கு வருடம். பக்கத்தில் வந்து கத்தினால்தான் கேட்கும். நிலக்கரிச் சலவைக்கூடத்தில் அது யாருக்கும் தெரியாது. அங்கே நல்ல காது இருந்தும் பயனில்லை.

குய்சௌ மலையில் வெட்டும் கரியில் கல்லும் கந்தகமும் அதிகம். அப்படியே அனுப்பினால் உலைக்காரர்கள் லாரியைத் திருப்பிவிடுவார்கள். அதனால் அதைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி, அடியிலிருந்து காற்றை விட்டு, நிமிடத்துக்கு ஐம்பது தடவை குதிக்கவைப்பார்கள். குதிக்கக் குதிக்கக் கரி மேலே ஏறும். கல்லும், மஞ்சளாய் மின்னும் கந்தகக் கட்டியும் அடியில் தங்கும். அந்தக் கரியும் கல்லுமான அடுக்குக்குப் 'படுக்கை' என்று பெயர். மாவ்லின் இரும்புக் கம்பியை அதற்குள் இறக்குவார். வழுக்கி இறங்கினால் தளர்வு; இறங்காவிட்டால் இறுகிவிட்டது. நுனி கரகரவென்று இடறுகிற ஆழத்தில் கல் தொடங்குகிறது. அதற்குத் தக்கபடி கல்லை வெளியேற்றும் மதகைத் திறப்பார், மூடுவார். எல்லாம் உள்ளங்கைக்குத் தெரியும்.

அந்த இரைச்சலில் எல்லோருக்கும் கைதான் வாய். எதிரே சல்லடையருகே நிற்கும் சூ கைலான் மூடிய கையைத் தூக்கி ஆட்டுவாள்: படுக்கை எப்படி? அவர் விரல்களை விரிப்பார்: தளர்வு, நன்றாயிருக்கிறது. இறுக மூடினால்: இறுகிவிட்டது, கம்பி இறங்கவில்லை. பிறகு அவள் மேற்பார்வையாளரின் தொப்பையைக் காற்றில் வரைவாள். இருவரும் சிரிப்பார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் வாயால் பேசினார்கள். மாவ்லின் நூடுல்ஸ் கிண்ணத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். "மாஸ்டருக்கு ரொம்பத்தான் தலைக்கனம்" என்றார்கள். அவருக்கு அதுவும் கேட்கவில்லை. குன்மிங்கிலிருந்து மகள் போன் செய்தால் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்பார். போன் வருவது குறைந்துபோயிற்று.

அந்த வசந்தத்தில் எல்லோருக்கும் காது சோதனை என்றார்கள். தோற்றவர் இயந்திரத்தருகே நிற்கக் கூடாது. வாசல் அறைக்குப் போகவேண்டும்.

மருத்துவப் பெண் அவர் தலையில் இரு காதையும் மூடும் சோதனைக் கருவியை மாட்டினாள். பொத்தானைக் கையில் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கும்படி சைகை காட்டினாள். சட்டென்று உலகமே அடங்கிற்று. அடங்கியதும் உள்ளே அது கேட்டது. டும்... டும்... மாவ்லின் மகிழ்ச்சியோடு அமுக்கினார். ஒன்றுகூட விடவில்லை.

அவள் கருவியைக் கழற்றிவிட்டுக் காதருகே கத்தினாள்.

"மாஸ்டர், நான் இன்னும் சத்தமே வைக்கலியே! எதைக் கேட்டு அமுக்குறீங்க?"

"தொட்டி குதிக்குதே. நிமிஷத்துக்கு அம்பது. வேணா எண்ணிப் பாரும்மா."

அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து எழுதினாள்.

மறுநாள் மேற்பார்வையாளர் அவர் தோளில் கைபோட்டுக் காதில் கத்தினார்: "வாசல்ல வேலையே இல்ல, மாஸ்டர். ராசா மாதிரி உக்காந்திருக்கலாம்."

"எனக்கு உக்காந்து பழக்கமில்லையே."

"பழகிக்கலாம் மாஸ்டர். கம்பியக் குடுங்க."

கொடுத்தார்.

வாசல் அறையில் ஒரு நாற்காலி, ஒரு தடுப்புக்கட்டை. லாரிக்காரர்கள் ஜன்னலில் தலையை விட்டு ஏதோ சொல்வார்கள்; இவர் தலையாட்டிக் கட்டையைத் தூக்குவார். யாரும் இறங்கி நிற்பதில்லை. மதியத்தில் காதுக்குள் தொட்டி குதிக்கும். கை தானாகக் காற்றில் கம்பியை இறக்கும். எதுவும் இடறாது.

ஐந்தாம் நாள் ஷிஃப்ட் முடிந்து கூட்டம் சளசளவென்று வெளியே போயிற்று. சூ கைலான் மட்டும் கண்ணாடிக்கு அப்பால் நின்றாள். மூடிய கையைத் தூக்கி ஆட்டினாள்: படுக்கை எப்படி?

மாவ்லின் கையைத் தூக்கினார். விரிக்கப்போனவர் நிறுத்திக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் படுக்கையைப் பற்றி அவர் பொய் சொன்னதில்லை. விரல்களை இறுக மூடிக் காட்டினார்: கம்பி இறங்கவில்லை.