பாஞ்சாலை சொன்ன பெயர்

ஆரணிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் நடவு என்றால் பாஞ்சாலையிடம்தான் சொல்வார்கள். முந்தின நாள் சொன்னால் போதும், விடிந்ததும் இருபது பெண்களோடு வரப்பில் நிற்பாள்.

ஷூ கம்பெனி வந்தபோதும் அவளைத்தான் தேடி வந்தார்கள். "பதினெட்டுலேர்ந்து முப்பத்தஞ்சு வயசுக்குள்ள பொண்ணுங்க வேணும். மாசச் சம்பளம், பி.எஃப். உண்டு. பஸ் நாங்களே அனுப்பறோம்" என்றார் வந்தவர். சேற்றில் நின்று கால் விரலிடுக்கு வெந்துபோகிற பெண்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து, பாஞ்சாலை வீடு வீடாகப் போய்ப் பேசினாள். பதினாறு பேர் பஸ் ஏறினார்கள். அவளுக்கு நாற்பத்தாறு வயது, அவளை எடுக்கவில்லை.

மீதிப் பேரை வைத்து அடுத்த சம்பாவை நட முடியவில்லை. நிலத்துக்காரர் ரங்கசாமி நடவு மெஷின் வரவழைத்தார். "நான் இன்னா பண்றது பாஞ்சாலை? நாத்து முத்திப் போவுதே" என்றார். மறு வருஷம் அந்த நிலத்தையும் வீட்டு மனையாக விற்றுவிட்டார்.

எட்டு மாதம் வேலையில்லாமல் கிடந்த பிறகு, ஒரு கான்ட்ராக்டர் மூலம் அதே கம்பெனியில் கழிவறை கழுவும் வேலை கிடைத்தது. சேர்ந்த மாதமே சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"எவ பத்து நிமிஷத்துக்கு மேல உள்ள இருக்கான்னு எங்கிட்ட சொல்லணும். ஆள் இல்லாம லைன் நிக்குது."

சில வாரம் "யாருமில்ல சார்" என்றே சொல்லிவந்தாள். "வாசல்ல கேமரா இருக்குது. இன்னொரு வாட்டி பொய் சொன்னா வேற ஆள் வச்சுக்குவேன்" என்றார் அவர்.

மறுநாள் சத்யப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். பாஞ்சாலை முதன்முதலில் பஸ் ஏற்றிவிட்ட பெண்களில் ஒருத்தி. ஷூவுக்குப் பசை தடவும் லைனில் வேலை. வயிற்றில் மூன்று மாதம். தெரிந்தால் நிறுத்திவிடுவார்களோ என்று கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை.

"கம் வாடை ஒத்துக்கலக்கா. வாந்தி எடுத்துகினே இருக்கேன். சொல்லிடாதக்கா."

பாஞ்சாலை அவள் முதுகை நீவிவிட்டாள், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள். இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. சாயங்காலம் சூப்பர்வைசர் கேட்டார். பெயரைச் சொன்னாள். திட்டப்போகிறாரே என்று பதறி, "முழுகாம இருக்குது சார், பாவம்" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அடுத்த நாள் காலை சத்யப்ரியாவின் கார்டுக்கு கேட் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் கம்பெனி பஸ் சாயங்காலம்தான். அதுவரை வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று இரவே பாஞ்சாலை அவள் வீட்டுக்குப் போனாள். சத்யப்ரியாவின் அம்மா கெங்கம்மாள் வாசலிலேயே மறித்தாள். ஒரு காலத்தில் பாஞ்சாலை பக்கத்தில் நின்று நாற்று நட்டவள்.

"உன்ன நம்பித்தானே அனுப்பனேன்? நீயே காட்டிக் குடுத்துட்டியே!"

"நல்லதுக்குத்தான் சொன்னேன் கெங்கு."

"போயிடு."

பாஞ்சாலை இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். சூப்பர்வைசர் கேட்டால் பெயரை மட்டும் சொல்கிறாள். காரணம் சொல்வதில்லை.