வாளித் தண்ணீர்

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் குழாயைத் திறந்ததும் குப்பென்று அடித்த குளோரின் வாடையில், இப்போது கண்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கும் இடத்தில் இருந்த எங்கள் பண்டமாரான் வீடும், லோரி ஓட்டிய அப்பா தன் தங்கமீன்களுக்காக அந்த வாடை போகட்டுமென்று கொல்லையில் இரண்டு நாள் திறந்தே வைத்திருக்கும் வாளிகளும் நினைவுக்கு வந்தன.

ஒரு தீபாவளிக்கு வீட்டையே கழுவிய அம்மாவும் நானும் பாசி படிந்த மீன்தொட்டியையும் விடவில்லை. எங்கள் சுத்தத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட! பழைய நீரை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினோம்.

வேலை முடிந்து வந்த அப்பா மிதந்த மீன்களைப் பார்த்தார்.

"வாளித் தண்ணியதானே ஊத்துனீங்க?"

"இல்லப்பா, பைப்புத் தண்ணி. வாளித் தண்ணியில வாசலக் கழுவிட்டோம்."

அந்தத் தொட்டி அவ்வளவு தெளிவாக அதற்கு முன் இருந்ததே இல்லை. செத்த மீன்களின் ஒவ்வொரு செதிலும் தெரிந்தது.