நான் பட்டியல் போட்ட சங்கிலி ஜெபம்

என் கணவருக்குக் காலை எட்டு மணிக்கு இதய அறுவை சிகிச்சை என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் செய்த முதல் காரியம் சங்கிலி ஜெபத்துக்குப் பட்டியல் போட்டது. குமாரபாளையத்தில் எங்கள் சபை சின்னது. தறி ஓட்டுகிறவர்களும் டீச்சர்களுமாக நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதில் பன்னிரண்டு பேரைப் பிடித்து, ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரை ஆளுக்கு அரை மணி நேரம் பிரித்துக் கொடுத்தேன். ஒருவர் ஆமென் சொன்னதும் அடுத்தவர் தன் வீட்டில் முழங்கால் போட வேண்டும். நடுவில் ஒரு நிமிடம்கூட அறுந்துவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

எட்டு மணிக்கு நர்ஸ் வந்து, அவசரமாக வேறொரு கேஸ் வந்துவிட்டது, உங்களுக்கு மூன்று மணிக்குத்தான் என்றார். முந்தின நாளிலிருந்து வாயில் பச்சைத் தண்ணீர் படாத என் கணவர், “அப்ப ஒரு டீயாவது குடுங்க” என்று சண்டைக்கு நின்றார். சண்டை ஓயவில்லை, எட்டரைக்கு என் போன் அடித்தது. எட்டு மணிக்குப் பேர் கொடுத்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

“ஏனுங்க, நான் முழங்கால்ல இருக்கறப்பவே ஆண்டவரு ஆபரேசன் ரூமுக்குள்ள வந்து நின்னாருங்க. அப்படியே உணர்ந்தனுங்க. இப்ப எப்படி இருக்காரு?”

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் பெரிய மனுஷன் அழுகிறார். நீங்கள் சொல்கிற ரூமில் என் வீட்டுக்காரர் இல்லை, இங்கே சம்மணம் போட்டு டீ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? “சமாதானமா இருக்காருங்க” என்றேன்.

ஒரு பொய் போதும், மீதி தானாக வந்துவிடும். அரை மணிக்கொரு போன் வந்தது, அரை மணிக்கொரு தரம் நான் ஆபரேஷனை நடத்தினேன். பத்து மணிக்கு அழைத்தவர் சபையிலேயே மூத்த அம்மா, எண்பதை நெருங்குகிறவர். அதே நேரம் பார்த்து ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் வந்து என் கணவரின் நெஞ்சு முடியை மழித்துக்கொண்டிருந்தார். கூச்சம் தாங்காமல் இவர் கெக்கெக்கே என்று சிரித்தார்.

“கண்ண மூடுனதும் ஒரு கை தெரிஞ்சுது சாமி. நெஞ்சு மேல கத்தி. துளி நடுக்கமில்ல” என்றார் அந்த அம்மா. பிறகு, “அங்க யாரு சிரிக்கறது?” என்றார்.

“பக்கத்துக் கட்டிலுங்க.”

ஒரு மணிக்குச் சங்கிலி முடிந்தது. நான் சொன்னதை நம்பி, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாக ஆயர் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். நாற்பது பேரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மூன்று மணிக்கு இவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். கதவு வரைக்கும் கூடப் போனேன். சண்டைக்காரர் அப்போது சின்னக் குரலில், “எல்லாரும் ஜெபம் பண்றாங்கல்ல?” என்று கேட்டார். “பண்றாங்க” என்றேன். ஒருவர்கூடப் பண்ணவில்லை. கதவு மூடிக்கொண்டது.

நாலு மணிக்கு வேன் வைத்துக்கொண்டு ஆயரும் பத்துப் பேரும் வந்து இறங்கினார்கள். கையில் கேக். “ஆளப் பாக்கலாமுங்களா?” என்றார் ஆயர்.

“இன்னும் முடியலீங்க. மூணு மணிக்குத்தான் உள்ள போனாரு. காலைல இருந்து நான் பொய் சொல்லிட்டேன்.”

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆண்டவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் மானமும் போயிற்று, என் மானமும் போயிற்று.

மூத்த அம்மாதான் கேட்டார். “அப்ப பத்து மணிக்கு நான் பாத்தது யாரு கை?”

“நெஞ்சு முடி மழிக்க வந்தவருதுங்க.”

அவர் சற்று யோசித்தார். “அவரு கையும் நடுங்கலையே சாமி” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

“சரி, மறுபடியும் பட்டியல் போடுங்க” என்றார் ஆயர். என்னால் முடியவில்லை. “எனக்குப் பயமா இருக்குங்க” என்றேன். காலையிலிருந்து யாரிடமும் சொல்லாததை, ஆண்டவரிடம்கூடச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். பத்துப் பேரும் அந்த நடைவழியிலேயே என்னைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். முறையும் இல்லை, நேரக்கணக்கும் இல்லை. செக்யூரிட்டி வந்து எழுந்திருக்கச் சொன்னார். யாரும் அசையாததால் கேக்கை மட்டும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் போனார். பயம் போகவில்லை. ஆனால் என் பயத்தை ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் யாரிடத்திலும் இல்லாமல் போயிற்று.

ஆறரை மணிக்குக் கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். எழப் பார்த்தேன். தலைமையாசிரியர் ஒரு பக்கமும் ஆயர் ஒரு பக்கமும் தூக்கி நிறுத்தினார்கள்.

“இருக்காருங்களா?” என்று கேட்டேன்.

“இருக்காரும்மா” என்றார்.