பதினேழாவது வரி

என் மேசை இழுப்பறையில் ஒரு காந்தம் கிடக்கிறது. பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வளையம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வாகனத்தின் வர்ணத்தில் கீறல் விழாதபடி அதை இடுப்பில் கட்டும் சாரத்தின் துணியால் மூடித் தைத்திருக்கிறார்கள். தைத்தது என் மனைவியின் தங்கை. காந்தம் அவளுடைய கணவருடையது, அதாவது என் சகலனுடையது. அதன் அடியில் மடித்து வைத்த கொப்பித் தாள் ஒன்றும் உண்டு. அதில் என் கையெழுத்தில் பதினேழு வரிகள். பதினாறு வரிகளுக்கு நேரே சரி அடையாளம் போட்டிருக்கிறேன். பதினேழாவதற்கு நேரே நெடுங்காலம் எதுவும் இருக்கவில்லை.

நான் துணுக்காயில் பாடசாலை எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். திகதி போடாமல் எதையும் எழுதியறியேன். எந்த நாளில் குளம் நிரம்பி வான் பாய்ந்தது, எந்த நாளில் மின்சாரம் வந்தது, யார் வீட்டுக் கிணறு எத்தனை முழத்தில் தண்ணீர் கண்டது என்பதெல்லாம் என் கொப்பிகளில் இருக்கும். இதை வைத்து சகலன் என்னைச் சீண்டாத நாளில்லை. “அண்ணை மழையையும் எழுதுவார், மழையில நனைஞ்சு தும்மினதையும் எழுதுவார்” என்று பந்தியில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார். ஆனால் தனக்கு ஏதாவது நினைவில் நிற்கவேண்டும் என்றால் என்னிடந்தான் வருவார்.

அவர் ஸ்கந்தபுரத்துக்காரர். முள்ளிவாய்க்கால் கரையில் விடியற்காலையில் மீன் ஏற்றி, கிளிநொச்சிச் சந்தைக்கும் அதற்கு மேற்கே உள்ள ஊர்களுக்கும் கொண்டுவரும் வாகனத்தில் பதினொரு வருடம் சாரதி. வாகனம் முதலாளியுடையது. ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிந்ததும் முதலாளியின் வாசலில் நின்று சாவியைக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் வீட்டுக்கு வரவேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அந்தச் சாவியைத் திருப்பிக் கேட்க முடியாது. அவருக்கு வாழ்க்கையில் ஒரேயொரு ஆசை இருந்தது. மாலையில் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடும்போது அதன் பையில் சாவி கிடக்கவேண்டும். அதற்காக அவரும் மனைவியும் பல வருடம் சேர்த்தார்கள். புதிய வாகனம் நினைத்தும் பார்க்க முடியாத விலை. நிறைய ஓடிய பழைய பிக்கப் ஒன்றுதான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அந்தத் தாள் ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலை எழுதப்பட்டது. அவர் சொல்லச் சொல்ல நான் இலக்கமிட்டேன். முதல் வரி, சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போவது. விற்கிறவர்கள் மரியாதைக்கென்றே எஞ்சினை முன்கூட்டியே இயக்கிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். சூடான எஞ்சின் தன் நோயைக் காட்டாது. அதனால் போனவுடன் முன்மூடியில் கை வைத்துப் பார்க்கவேண்டும். பிறகு தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் திறந்து எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பார்ப்பது. எஞ்சினை இயக்கியதும் ஓயில் ஊற்றும் வாயைத் திறந்து, அங்கே புகை மூச்சு விடுவதுபோல் அடித்து அடித்து வருகிறதா என்று பார்ப்பது. மீற்றர் காட்டும் கிலோமீற்றரை அவர் நம்பமாட்டார். “மீற்றரைத் திருப்பலாம் அண்ணை, தேஞ்ச மிதியைத் திருப்பேலாது” என்பார். கிளச் மிதியின் ரப்பர், ஸ்ரியறிங்கில் கை பிடிக்கும் இடம், சாரதிப் பக்கக் கதவின் பிணைச்சல், இவற்றின் தேய்வைச் சேர்த்துப் பார்த்துத் தானே ஒரு கணக்குச் சொல்லுவார். ரயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேட்கவேண்டும். மூன்றாம் கியரில் காலை எடுத்தால் கியர் கழன்று விழுகிறதா என்று ஓட்டிப் பார்க்கவேண்டும்.

பதினாறாவது வரி காந்தம். வண்டியின் உடம்பில் ஓட்டையையும் நெளிவையும் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்து வர்ணம் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. இரும்பில் காந்தம் ஒட்டும், பட்டியில் வழுகி விழும். பதினேழாவது வரிதான் எல்லாவற்றிலும் பெரியது என்று இரண்டு தரம் சொன்னார். மீன் ஏற்றிய வாகனத்தில் ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பெட்டியிலிருந்து இறங்கி, வண்டி முழுவதையும் தாங்குகிற நீள இரும்பு, அதைச் செசி என்பார்கள், அதன் வயிற்றுக்குள் தேங்கும். வெளியே தார் பூசிப் பளபளவென்று வைத்திருப்பார்கள். உள்ளே தின்று முடிந்திருக்கும். சாக்கை விரித்துக் கீழே படுத்து, ஸ்பனரால் தட்டித் தட்டிக் கேட்கவேண்டும். நல்ல இரும்பு கணீரென்று பேசும். செத்த இரும்பு பூசணிக்காயைத் தட்டியதுபோல் இருக்கும். அந்தச் சத்தத்தை இந்த மாவட்டத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் புதன்கிழமை அவருடைய முதலாளியிடம் ஒரு நாள் விடுப்புக் கேட்டு, என் மோட்டார் சைக்கிளில் இருவரும் போனோம். வீடு புதுக்குடியிருப்புக்கு அப்பால், கடற்கரைக்குப் போகும் வழியில் இருந்தது. வாகனத்துக்குச் சொந்தக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். சிறுநீரக நோய் வந்து ஓட்டத்தை நிறுத்தியவர். கால்கள் வீங்கி, முற்றத்து வேம்பின் கீழ் கதிரையில் இருந்தார். பத்திரங்களை அவருடைய மனைவி ஒரு பிஸ்கட் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தா. பத்திரம் பார்ப்பது என் வேலை. வருட வரிக் கடதாசிகளை ஆண்டு வரிசையில் அடுக்கியபோது நடுவில் சில ஆண்டுகள் இல்லை. எந்த ஆண்டுகள் என்று பார்த்ததும் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. அந்த ஆண்டுகளின் கடதாசி எங்கள் வீட்டிலும் இல்லை.

எஞ்சின் குளிர்ந்திருந்தது. ஒரே திருப்பில் இயங்கியது. புகை இல்லை, எண்ணெய்ப் படலம் இல்லை. சகலன் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையசைக்க நான் சரி போட்டுக்கொண்டு வந்தேன். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இறங்கியபோது தன் முகத்தில் இருந்த சந்தோசத்தை மறைக்கத் தெரியாமல், “சீற் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு” என்று வேண்டுமென்றே குறை சொன்னார். சொந்தக்காரர் சிரித்து, “கிழிஞ்ச சொந்தச் சீற்றோ, முதலாளியின்ர கிழியாத சீற்றோ, எது திறம்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பிறகு சகலன் சாக்கை எடுத்து வண்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு, காந்தத்தைக் கையில் எடுத்தார்.

வலப்பக்கம் முழுவதும் ஒட்டியது. முன்புறம் ஒட்டியது. இடப்பக்கக் கதவில் கைப்பிடிக்குச் சற்றுக் கீழே காந்தம் வழுகி அவருடைய கைக்குள் விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார், ஒட்டியது. இன்னும் கொஞ்சம் தள்ளினார், விழுந்தது. இப்படி ஐந்து இடம். துருவுக்கு வைத்த பட்டி என்றால் கதவின் அடி விளிம்பில், தொடர்ச்சியாக இருக்கும். இவை சிறுசிறு வட்டங்களாகச் சாய்வாக ஏறிப்போயின. சகலன் அந்த ஐந்து இடத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். கதிரையில் இருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பட்டிதான் தம்பி. மறைக்கிறதுக்கு வைக்கேல்லை” என்றார். பிறகு, “அந்தப் பக்கத்தில அம்மா இருந்தவா” என்றார்.

அவருடைய மனைவி பிஸ்கட் பெட்டியின் மூடியை மெல்ல அமர்த்தி மூடினா. சகலன் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டார். பின்னால் போய், போட்ட இடத்தில் அப்படியே கிடந்த சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, “எப்ப வந்து எடுக்கிறது, ஐயா?” என்று கேட்டார். கேட்ட விலைக்கு ஒரு சதம் குறைக்கச் சொல்லவில்லை. என் கையில் தாள் இருந்தது. பதினேழாவது வரிக்கு நேரே வெறுமையாக இருப்பதை நான் பார்த்தேன். அந்தச் சாக்கில் யாரும் படுக்கவில்லை என்பதையும் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

அந்த மௌனத்தைப்பற்றிப் பல வருடம் யோசித்திருக்கிறேன். பழைய காலத்து ஆட்சியறிக்கைகள், ஊர் வரலாறுகள் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வாசிக்கிறவன் நான். எழுதியவன் எதை விட்டிருக்கிறான் என்று தேடிப் பிடித்துக் குறை சொல்லுவது எனக்குப் பழக்கம். அன்று என் கண் முன்னால், என் கைத் தாளிலேயே ஒரு இடம் விடுபட்டது. என் உறவான ஒருவரின் பல வருடச் சேமிப்பு அதன்மேல் நின்றது. வெளியூர்க்காரர் ஒருவர் எங்களோடு வந்திருந்தால், “கதவுக்கும் செசிக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டிருப்பார். நியாயமான கேள்வி. எங்கள் இருவருக்கும் அன்று அது தோன்றவில்லை. அந்தக் கதவோடு கடைசிச் சண்டைக்குள்ளிருந்து வெளியே வந்த வாகனம் எதையும் தாங்கும் என்று நான் நினைத்தேன் போலும். அப்படி நினைத்ததாக அன்றைய கொப்பியில் இல்லை. “வாகனம் நன்று” என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

எட்டு மாதம் சாவி அவர் சட்டைப் பையில் கிடந்தது. ஒன்பதாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மீன் பெட்டிகளோடு பரந்தன் வீதியில் ஒரு மதகைத் தாண்டியபோது செசி முறிந்தது. களைத்த மாடு பின்னங்காலை மடித்து இருப்பதுபோல் வண்டி இருந்துவிட்டது என்று அவர் சொன்னார். காயம் இல்லை. மீன் முழுவதும் பழுதானது. திருத்தி முடியும்வரை பிழைப்புக்கு வேறு வழியில்லாமல் பழைய முதலாளியின் வாசலில் போய் நின்றார். முதலாளி ஒன்றும் சொல்லாமல் சாவியை நீட்டியதுதான் தனக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் மாலைதோறும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் வந்தார்.

கிளிநொச்சியில் கராச்சில் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தபோது நானும் போனேன். ஒட்டுவேலை செய்கிறவர் செசியின் ஒரு துண்டைக் கையால் பிய்த்து எடுத்து, “பதினொரு வருசம் மீன் வண்டி ஓடின ஆள், கண்ணை மூடிக்கொண்டோ வாங்கினனீங்கள்?” என்றார். சகலன் அந்தக் கேலியை வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் தேநீர் குடிக்கப் போனபிறகு சகலன் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அண்ணை, நீங்கள் அண்டைக்கு கடைசிக்குச் சரி போடேல்லை என்ன?”

“இல்லை.”

“நான் கீழ படுக்கேல்லை எண்டு கண்டனீங்கள்.”

“கண்டனான். சொல்லியிருக்க வேணும். நீர் மறந்துபோனீர் எண்டு…”

“மறக்கேல்லை” என்றார். தலைக்கு மேலே முறிந்து தொங்கிய இரும்பை விரலால் சுண்டினார். பூசணிக்காய்ச் சத்தம் கேட்டது. “படுத்திருந்தால் இது கேட்டிருக்கும். கேட்டால் வேண்டாம் எண்டு சொல்ல வேண்டி வரும். அந்தக் கதவைத் தொட்டுப்போட்டு, அந்த மனிசனுக்கு முன்னால எழும்பி நிண்டு என்னெண்டு வேண்டாம் எண்டு சொல்லுறது?”

இருபக்கமும் தடித்த இரும்பு வைத்து ஒட்டினார்கள். சாவி மறுபடி அவர் பைக்கு வந்தது. அதன்பிறகு கடைசிவரை அந்த வண்டியில்தான் மீன் ஏற்றினார். கதவைத் திருத்த மட்டும் விடவில்லை. வருடங்கள் போகப் போகப் பட்டி உலர்ந்து உதிர்ந்தது. மாலையில் வீட்டு முற்றத்தில் வண்டி நிற்கும்போது இருக்கையில் ஐந்து பொட்டு வெயில் விழும்.

போன வருடம் வைகாசியில் நெஞ்சுவலியால் அவர் போனார். இவ்வருடம் ஆனி மாதம் அவருடைய மகள் வண்டியை விற்க முடிவு செய்தபோது, பத்திரங்களை எடுத்து வைக்க என்னைக் கூப்பிட்டாள். வவுனியாவிலிருந்து மரக்கறி ஏற்றுகிற ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தம் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் என்றார்கள். அந்த மனிதர் வண்டியைச் சுற்றிவந்து நேரே இடப்பக்கக் கதவின் முன் நின்றார். ஐந்து ஓட்டைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய முகம் மாறுவதைக் கண்டேன். அந்த முகத்தை நான் முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவர் மனைவி பக்கத்தில் வந்து மெல்ல, “எடுப்பமா?” என்று கேட்டா.

வீட்டுக்குள் போய்ச் சாக்கையும் ஸ்பனரையும் காந்தத்தையும் எடுத்து வந்தேன். சாக்கை நானே வண்டிக்கடியில் விரித்தேன்.

“முதல்ல கீழ படுத்துப் பாருங்கோ” என்றேன். “முறிஞ்சு ஒட்டின செசி. தட்டிக் கேளுங்கோ. வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டு சொல்லலாம், நாங்கள் ஒண்டும் நினைக்கமாட்டம். கதவைப் பிறகு பார்க்கலாம்.”

அவர் சாக்கில் படுத்தார். இரும்பு முன்னிருந்து பின்வரை பேசியது. ஒட்டிய இடங்களில் சத்தம் கொஞ்சம் தடித்து, மறுபடி தெளிந்தது. தட்டி முடிந்து அவர் முதுகில் சாக்குத் தும்போடு எழும்பியபோது நான் தாளை எடுத்துப் பதினேழாவது வரிக்கு நேரே சரி போட்டு, அன்றைய திகதியை எழுதினேன். அவர் காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்குத் தேவையிருக்காது என்று என் கையில் வைத்தார்.

“இந்தப் பக்கம் யாருங்க இருந்தது?” என்று கேட்டார்.

“ஒரு அம்மா இருந்தவா” என்றேன்.