என் பெயரில் கூடிய இரண்டு எழுத்துகள்

கஜீபன் என்ற என் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால், நடுவில் ஒரு வேலையும் இல்லாமல் ஓர் 'எச்' நிற்கும். முடிவில் 'என்' இரண்டு முறை வரும். அந்த எச்சும் இரண்டாவது 'என்'னும் சாத்திரியார் எண் பார்த்துக் கூட்டிக் கொடுத்தவை. ஆறாம் வகுப்புப் பெடியள் அந்த எச்சை விடவேயில்லை.

"டேய், உன்ர பேருக்கு நடுவில ஆரடா இருமுறது?"

புதிதாக வந்த ஆங்கில ஆசிரியை இரக்கப்பட்டு, என் கொப்பி மட்டையில் அந்தக் கூடுதல் எழுத்துகள் இரண்டையும் வெட்டிவிட்டார். வகுப்பு வரவு இடாப்பிலும் திருத்துவதாகச் சொன்னார். லிங்கநகரில் இருந்த எங்கள் வீடு வரை ஓடிவந்து, குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். துறைமுக வேலை முடிந்து வந்த அப்பாவும் அவளும் மெல்லக் கதைத்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

அம்மா பள்ளிக்கூடம் போகாதவள். பெற்றார் கூட்டங்களுக்குக்கூடச் சித்தியைத்தான் அனுப்புவாள். மறுநாள் காலை அவளே வகுப்பு வாசலில் நின்றாள்.

"டீச்சர், பிள்ளையின்ர பேரில ரெண்டு எழுத்தை எடுத்துப் போட்டீங்களாம்."

"ஓம் அம்மா, அது பிழை. வடிவா இருக்கட்டும் எண்டுதான் எடுத்தனான்."

"வடிவு வேண்டாம் டீச்சர். பிழையாவே கிடக்கட்டும். திருப்பிப் போட்டுத் தாங்கோ."

ஆசிரியை சிரித்தபடி எழுதினார். அம்மா சிரிக்கவில்லை. எழுத்து ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்த பிறகுதான் கொப்பியை என்னிடம் தந்தாள். பின்வரிசை வாங்கிலிருந்து யாரோ ஒருவன் இருமினான், வகுப்பே சிரித்தது.

"ஏனம்மா வந்தனீங்கள்? எல்லாரும் சிரிக்கிறாங்கள்."

"சிரிக்கட்டும்" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். நான் அவளோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. அவள் அதற்கும் கோபிக்கவில்லை. பொரித்த மீனில் பெரிய துண்டை எனக்கே வைத்தாள்.

நான் பல்கலைக்கழகம் போவதற்கு முன்புதான் சித்தி சொன்னாள். எனக்கு முன் அந்த வீட்டில் இரண்டு அண்ணன்மார் பிறந்திருக்கிறார்கள். இருவருமே நடக்கப் பழகும் முன்பே போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த எனக்குத்தான் சாத்திரியார் அந்த எழுத்துகளைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்.

சாத்திரத்தை நம்புகிறேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அந்த எழுத்துகளை மட்டும் இன்றுவரை நான் எடுக்கவில்லை. அன்று வகுப்பு வாசலில் அம்மா என் உயிருக்காகத்தான் மன்றாடினாள். நானோ, அவள் எப்போது போய்த் தொலைவாள் என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.