ஏழு பத்து பஸ்ஸுக்கு நின்றவள்

தெரியாதவர்களைப் பார்த்தாலும் சிரித்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எட்டாவதோடு படிப்பு நின்றது, சிரிப்பு நிற்கவில்லை. அது நின்றது வீட்டுக்காரர் போன பிறகு. காரியம் முடிந்த அன்றே, அரியலூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சொல்லிவிட்டார்: இனிமேல் போறவங்க வர்றவங்ககிட்ட பல்லைக் காட்டாதே, நல்ல காரியத்துக்குக் கிளம்புறவங்க எதிரே நிற்காதே. நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள். அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

குன்னம் பஸ் ஸ்டாப்பில் டீக்கடைக்குப் பின்னால்தான் நிற்பேன். எல்லோரும் ஏறிய பிறகு கடைசியாக ஓடி ஏறுவேன். பெரம்பலூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் சமையல்கட்டில் எனக்கு வேலை, காய் நறுக்க. ஏழு பத்து பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போக முடியாது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை விட்டேன். இரண்டு நாளும் யாரோ பூவும் பழமுமாக நின்றார்கள். அவர்கள் ஏறட்டும் என்று நான் ஒதுங்கி நிற்க, டிரைவர் எடுத்துவிட்டார். மெஸ் மேனேஜர் சத்தம்கூடப் போடவில்லை. இன்னொரு நாள் லேட் என்றால் வரவேண்டாம் அக்கா என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மகள் பத்தாவது படிக்கிறாள். வேலை போனால் அவளும் என்னைப் போலப் பாதியில் நின்றுவிடுவாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் நான் போனபோது, ஸ்டாப்பில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா நின்றார். கையில் தட்டு, தேங்காய், பழம், வெற்றிலை, பூ. கூட அவர் வீட்டுக்காரர். வேப்பந்தட்டையில் மகனுக்குப் பெண் உறுதி பண்ணப் போகிறார்களாம், டீக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என் நெற்றியைப் பார்த்தார். அப்புறம் கழுத்தை.

"யம்மா, சித்த பின்னாடி தள்ளி நில்லேன். நாங்க நல்ல காரியமா போறோம்."

கால் தானாகவே இரண்டடி நகர்ந்துவிட்டது. அப்போதுதான் வளைவில் ஹாரன் கேட்டது. இன்னும் நாலடி வைத்தால் டீக்கடை மறைவு. அங்கே போனால் இந்த பஸ்ஸும் போயிற்று, வேலையும் போயிற்று.

திரும்பி வந்தேன். அந்த அம்மாவை நேராகப் பார்த்துச் சிரித்தேன். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு, கன்னமெல்லாம் வலித்தது.

"நானும் நல்ல காரியமாத்தாங்க போறேன். வேலைக்கு."

  பஸ் வந்து நின்றதும் முதல் ஆளாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர்கள் ஏறவில்லை. என்னைப் பார்த்த சகுனம் கழிய, அந்த அம்மா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏழு பத்தை விட்டது நான் இல்லை.

எப்படித்தான் சேதி போனதோ, மத்தியானமே நாத்தனார் போன் பண்ணிவிட்டார். ஊரார் வீட்டுச் சம்பந்தத்தைக் கெடுக்கவா சிரிச்சிட்டுத் திரியுற என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க எனக்கு அதே கவலை. தட்டிப்போயிருக்குமோ, பையன் என்ன ஆனானோ என்று வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன். யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

இன்றுவரை தெரியாது. கல்யாணம் நடந்திருந்தால் நல்லா இருக்கட்டும். நடக்காவிட்டால், காரணத்தை அவர்கள் வேறெங்காவது தேடிக்கொள்ளட்டும். நான் இப்போது பஸ்ஸின் முன் வாசல் வந்து நிற்கும் இடமாகப் பார்த்து நிற்கிறேன். பூவோடு வருகிறவர்களைப் பார்த்துத்தான் முதலில் சிரிக்கிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பிக்கொள்ளட்டும், கழுத்து அவர்களுடையது.